தப்தரில் ஏறாத தொகை

எம்மோடு இருபது ஆண்டுக் காலம் ஒரே பள்ளிக்கூடத்தில் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் உண்டு. இறை நம்பிக்கை இல்லாதவர். அதை மறைத்துப் பேசுபவரும் அல்லர். நாம் அரபி வகுப்பை முடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால், "வாருங்கள் மௌலவி, நேற்று உலகத்தில் மதம் என்ன செய்தது என்று பார்ப்போம்" என்று நாளிதழை விரிப்பார். எங்கேனும் ஒரு கலகம், எங்கேனும் ஒரு குண்டுவெடிப்பு, மணந்துகொண்ட குற்றத்திற்காக வெட்டுண்ட இரண்டு இளம் உயிர்கள் என ஏதாவது ஒன்று அதில் இருக்கத்தான் செய்யும். நாமும் சளைத்தவர் அல்லோம். 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோ நகரில் எழுப்பிய மருத்துவமனையைச் சொல்வோம். வக்ஃபு சொத்துகளின் வருவாயைக் கொண்டு, ஏழை செல்வர், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி அங்கே மருத்துவம் நடந்ததைச் சொல்வோம். தேநீர் ஆறிப்போகும். மணி அடிக்கும். அவரவர் வகுப்புக்குப் போவோம்.

ஒருநாள் அடிமை முறையைப் பற்றிப் பேச்சு வந்தது. திருமறையின் 'அல்பலத்' அத்தியாயம், கடத்தற்கரிய மலைப்பாதை எதுவென்று கேட்டு, அடிமையை விடுவிப்பதையே அதற்கு முதல் விடையாகக் கூறுவதை எடுத்துரைத்தோம். பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் 'ஃபத்ஹுல் முயீன்' நூலை ஷாஃபி மத்ஹபைச் சார்ந்த நம் பகுதி மதரஸாக்களில் ஓதாதவர் இல்லை. அந்த நூலின் கடைசிப் பாடம் அடிமையை விடுதலை செய்வது பற்றியது. நரக நெருப்பிலிருந்து நமக்கும் விடுதலை கிட்டட்டும் என்ற நற்சகுனமாக அதை இறுதியில் வைப்பது சட்ட அறிஞர்களின் வழக்கம். இதையும் கூறி முடித்தோம். நண்பர் சிரித்தார். "நல்ல செய்திதான் மௌலவி. ஆனால் கடைசிப் பாடமாகத்தானே வைத்தார்கள்? சவூதி அரேபியாவில் அடிமை முறையை ஒழித்த ஆண்டு 1962. மௌரித்தானியாவில் 1981. இதற்கு யார் பொறுப்பு?" என்றார்.

"மார்க்கத்தைப் பின்பற்றாத மக்கள் பொறுப்பு" என்றோம். முப்பது ஆண்டுகளாக நம் நாவில் பழகிப்போன விடை அது. இதில் நாம் மட்டும் தனித்தவர் அல்லோம். அடிமை வாணிபத்தை ஒழிக்க இங்கிலாந்தில் வில்பர்ஃபோர்ஸ் போராடியது கிறித்தவ வேதத்தின் பெயரால்தான். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பாப்டிஸ்டுகள், அடிமைகளை வைத்திருப்போர் சமயப் பணி செய்யலாமா என்ற பிணக்கில் 1845இல் பிரிந்து தனிச் சபை கண்டதும் அதே வேதத்தின் பெயரால்தான். முன்னவர் செய்ததை மதத்தின் கணக்கிலும், பின்னவர் செய்ததை மக்களின் கணக்கிலும் எழுதிக்கொள்வது எல்லாச் சமயத்தார்க்கும் இயல்பு.

நண்பர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "நல்லது நடந்தால் மார்க்கம், தீயது நடந்தால் மக்கள். உங்கள் பேரேட்டில் வரவு மட்டும் ஏறுகிறது, பற்று ஏறுவதே இல்லை" என்றார்.

கேலியாகச் சொன்ன சொல்தான். ஆனால் பேரேடு என்றதும் எமக்கு வேறொரு ஏடு நினைவில் வந்து நின்றது. பள்ளிவாசல்களில் நிக்காஹைப் பதிந்து வைக்கிறோமே, அந்தத் தப்தர்.

நாம் ஸனது பெற்று வெளிவந்தபின், 1993இல், கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றில் துணை இமாமாக அமர்ந்தோம். தப்தர் எழுதுவது எம் பொறுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அந்த வேலை வந்தது. வேறு தகுதி ஒன்றும் இல்லை. மணமகன் பெயர், அவர் தந்தை பெயர், மணமகள் பெயர், வலீயின் பெயர், இரு சாட்சிகள், மஹர் தொகை. மஹருக்கு நேரே பெரும்பாலும் 501 அல்லது 1,001 என்று எழுதி, 'பின்னர் தருவதாக' என்று சேர்ப்போம். கைக்கூலிக்கு அதில் கட்டம் கிடையாது.

ஒரு மழை நாளில் அலமாரியை ஒழுங்கு செய்தபோது, அதே பள்ளிவாசலின் மிகப் பழைய தப்தர் ஒன்று கிடைத்தது. செல்லரித்த அந்த ஏட்டில் மஹர் தொகைக்குக் கீழே கைக்கூலித் தொகையும் மைக்கோட்டில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எமக்கு வியப்பாக இருந்தது. அதன் காரணம் பின்னர்தான் விளங்கிற்று. இலங்கை முஸ்லிம்களுக்கென 1951இல் இயற்றப்பட்ட விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலிக்குப் பொருள் கூறும்போது, மணமகளின் பயன்பாட்டிற்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது பொருள் என்றே வரையறுத்தது. அதைத் திரும்பக் கேட்கும் உரிமையையும் மனைவிக்கு அளித்தது. பெண்ணின் உடைமை, கணவனின் பொறுப்பில். அப்படித்தான் அந்தப் பழைய ஏட்டிலும் அது ஏறியிருக்க வேண்டும் என்று கருதுகிறோம். அமானிதப் பொருளை எழுதி வைப்பது இயல்புதானே?

பின்னர் அது ஆணின் உடைமையாயிற்று. அவனுடைய வாப்பாவின் கடனுக்கும், வீட்டின் மாடிக்கும், தங்கையின் கல்யாணத்துக்கும் என்று ஆயிற்று. அதன்பின் அதை எழுதுவதற்குக் கை கூசிற்று. வெட்கம் வந்தபோது அது தப்தரை விட்டு வெளியேறியதேயன்றி வீட்டை விட்டு வெளியேறவில்லை.

சொல்லைப் பாருங்கள். ஏனைய தமிழர் 'கைக்கூலி' என்றால் காசுக்கு ஏவல் செய்பவனைச் சொல்வர். பகைவனிடம் கூலி வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுப்பவனைச் சொல்வர். அகராதியில் கையூட்டு என்ற பொருளும் உண்டு. நாமோ அதே சொல்லை மாப்பிள்ளையின் கையில் வைத்து, மேலே மல்லிகைச் சரத்தையும் போட்டிருக்கிறோம். இதைத் தமிழ் வகுப்பில் ஒருமுறை சொல்லப் போய், புதிதாக மணமான சக ஆசிரியர் ஒருவர் எம்மோடு ஒரு மாதம் பேசவில்லை.

நிக்காஹுக்கு முந்தைய இரவில் நடப்பது ஒரு சடங்கு. பெண் வீட்டின் உள்ளறையில் பாய் விரித்திருக்கும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், அவற்றின் நடுவே துணியால் மூடிய ஒரு முடிச்சு. இரு வீட்டுப் பெரியவர்களும் அமர்ந்திருப்பர். ஒருவர் எண்ணுவார், மற்றவர் எண்ணாதவர்போல் பார்த்துக்கொண்டிருப்பார். எண்ணி முடிந்ததும் அனைவரும் எம் பக்கம் திரும்புவர். "ஒரு ஃபாத்திஹா ஓதி துஆ செய்யுங்கள் ஹஜ்ரத், பரக்கத் உண்டாகட்டும்" என்பர்.

ஓதினோம். ஒன்றிரண்டு இடங்களில் அல்ல. அந்த ஊரில் நாம் இருந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை.

அன்றைக்கும் எமக்கு மார்க்கம் தெரியாமல் இல்லை. பெண்களுக்கு அவர்களின் மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்ற கட்டளை 'அந்நிஸா' அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஓர் இரும்பு மோதிரமேனும் தேடிக்கொண்டு வா என்று அனுப்பப்பட்டு, அதுவும் இல்லாமல் திரும்பி வந்த ஏழைத் தோழருக்கு, அவர் மனனம் செய்திருந்த குர்ஆன் அத்தியாயங்களையே மஹராக்கி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மணமுடித்து வைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. பாடம் நடத்தும்போது எம் குரல் தழுதழுக்கும். அதே மாலையில் உள்ளறைப் பாயில் அமர்ந்து கை ஏந்துவோம்.

ஜும்ஆ மேடையில் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசினோம். முதல் வெள்ளியன்று பேசினோம். தொழுகை முடிந்ததும் அவ்வூர் முத்தவல்லி எம்மைத் தனியே அழைத்து, மிக்க அன்போடு, "நல்ல பயான் ஹஜ்ரத். ஆனாலும் பொதுவாகப் பேசுங்கள்" என்றார். அதன்பின் பொதுவாகப் பேசினோம். பொதுவாகப் பேசினால் யார்மீதும் படாது. ஸக்காத்தைப் பற்றியும் ஸப்ரைப் பற்றியும் அந்த ஊரில் நாம் ஆற்றிய உரைகளை இன்றும் சிலர் நினைவு வைத்துப் பாராட்டுகின்றனர்.

எதிர்வாதம் செய்வோரும் மார்க்கத்தைக் கொண்டே செய்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். பெருமானார் தம் மகளார் ஃபாத்திமா நாயகிக்கு (ரலி) சீர் கொடுத்தனுப்பவில்லையா என்று கேட்பர். நஸாயீயில் வரும் ஹதீஸ் அது: ஒரு கம்பளித் துணி, ஒரு தோல் துருத்தி, இத்கிர் புல் அடைத்த ஒரு தலையணை. அங்கே வரும் வினைச்சொல் 'ஜஹ்ஹஸ'. ஆயத்தம் செய்தல் என்பதே அதன் பொருள். தபூக் படையைத் தம் செல்வத்தால் உஸ்மான் (ரலி) அவர்கள் ஆயத்தம் செய்ததற்கும் இதே சொல்தான். மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு ஆயத்தம் செய்கிறோமே, அந்தத் 'தஜ்ஹீஸு'ம் இதே வேர்தான். வடநாட்டில் 'ஜஹேஸ்' என்று ஒரு வழக்கம் உருவாகி, அந்த வழக்கத்தின் பொருளைப் பின்னோக்கிக் கொண்டுபோய் ஹதீஸின் சொல்லுக்குள் வைத்துவிட்டனர். மஹருக்காக அலி (ரலி) அவர்கள் தம் கவசத்தைக் கொடுத்த செய்தியை அதே மூச்சில் யாரும் சொல்வதில்லை. ஒரு தோல் துருத்தியும் ஒரு புல் தலையணையும் எப்படி 40,000 ரூபாயாகவும் 20 பவுனாகவும் வளர்ந்தன என்று அரபி இலக்கணத்தில் எந்த விதியும் இல்லை.

40,000 என்ற தொகையைக் கைபோன போக்கில் எழுதவில்லை. 1996இல் எமக்குக் கிடைத்த கைக்கூலி அது.

எம் வாப்பா கொடுமைக்காரர் அல்லர். மூன்று பிள்ளைகளையும் ஓத வைத்தவர். எமக்கு இளைய தங்கைக்கு மணம் பேசி முடித்திருந்தனர். மாப்பிள்ளை வீட்டார் 40,000 கேட்டிருந்தனர். வாப்பாவிடம் பணம் இல்லை. ஆனால் மணமாகாத ஒரு மகன் இருந்தான், மௌலவி பட்டத்தோடு. "நாம் கேட்டு வாங்கினால்தான் நாம் கேட்கிற இடத்தில் கொடுக்க முடியும்" என்றார் வாப்பா. இந்த ஒரு வாக்கியத்தில் அந்தத் தீமையின் இயக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வாங்குபவன் கொள்ளைக்காரனாக இருக்க வேண்டியதில்லை. அவன் வீட்டில் ஒரு தங்கை இருந்தால் போதும். பெண் வீட்டில் பிறந்த வலி, ஆண் வீட்டின் வழியாக இன்னொரு பெண் வீட்டுக்குப் போய்ச் சேரும். நாம் வாய் திறக்கவில்லை. தங்கையின் முகத்தை நினைத்துத் திறக்கவில்லை என்று பல்லாண்டுகள் எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். வாப்பாவை எதிர்த்துப் பேசும் துணிவு இல்லை என்பதே உண்மை.

அந்தப் பணம் எம் வீட்டில் 19 நாட்கள் இருந்தது. வந்த துணிமுடிச்சுகூட அவிழவில்லை. அப்படியே தங்கையின் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. எம் நிக்காஹை நடத்தி வைத்த ஆலிம் எம் உஸ்தாதுகளில் ஒருவர். முந்தைய இரவு உள்ளறையில் துஆ செய்தவரும் அவரே. தப்தரில் மஹர் 501 என்று எழுதினார்கள். பின்னர் தருவதாக.

மாமா அதற்காக அரை ஏக்கர் தென்னந்தோப்பை விற்றார் என்பது எமக்குப் பின்னர்தான் தெரிந்தது. அல்லது, பின்னர்தான் தெரிந்துகொள்ள விரும்பினோம்.

2011இல் மாமா வஃபாத்தானார். மாமி, இரண்டு ஆண் மக்கள், ஒரே மகளான எம் இல்லத்தார். எம் மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடும் ஃபராயிள் கணக்கு அது. மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் மக்களுக்கு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில். மூலம் 8, பின்னமில்லாமல் பிரிக்க 40 ஆக்க வேண்டும். மாமிக்கு 5, ஆண் மக்களுக்கு ஆளுக்கு 14, மகளுக்கு 7. நாட்டின் சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தில் விளைநிலத்துக்கு இருந்த விலக்கைச் சென்னை மாகாணம் 1949இல் நீக்கிவிட்டது. ஆகவே தோப்பில் மீதமிருந்த பகுதியிலும் அந்த 7 பங்கு உண்டு. அல்லாஹ் வகுத்தது, சட்டமும் ஏற்றது.

நாற்பதாம் நாள் கழிந்ததும் மச்சான்மார் இருவரும் ஒரு பத்திரத்தோடு வந்தனர். பதிவு அலுவலகத்தில் அதற்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். பங்குக்கு உரியவர் தம் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுப்பது. அந்தப் பெயரைக் காணும்போதெல்லாம் எமக்கு ஃபத்ஹுல் முயீனின் கடைசிப் பாடம் நினைவுக்கு வருகிறது. எதிலிருந்து எதை விடுவிக்கிறார்களோ!

"வாப்பா தோப்பில் பாதியை விற்றது இவளுக்காகத்தானே மச்சான்? அவள் பங்கு அப்போதே போய்விட்டது" என்றார் மூத்தவர். அவரும் கொடியவர் அல்லர். அவர் கண்ட கணக்கு அது.

மார்க்கப்படி அது தவறு என்பதைச் சொல்ல எமக்கு அரை நிமிடம் போதும். கைக்கூலி வாரிசுப் பங்கு ஆகாது. உயிரோடு இருப்பவரின் சொத்தில் வாரிசுப் பங்கு என்பதே இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி ஒன்று வரும். அவளுக்கு வரவில்லை என்றால் அந்தப் பணம் யாருக்கு வந்தது? அறையில் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் மூவர் இருந்தனர். இல்லத்தார் எம்மைப் பார்த்தார். நாம் பாயின் கோரையைப் பார்த்தோம். அவர் கையெழுத்திட்டார்.

மறுநாள் காலை மதரஸாவில் எமக்கு ஃபராயிள் பாடம் இருந்தது.

இதை எல்லாம் நண்பரிடம் சொன்னது மிகவும் பிந்தித்தான், அவர் ஓய்வு பெறும் ஆண்டில். மதத்தைச் சாடுவதற்கு நல்ல வாய்ப்புக் கிடைத்தது என்று பாய்வார் என எதிர்பார்த்தோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மௌலவி, என் மகளுக்குச் சுயமரியாதைத் திருமணம். அந்த முறைக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் சட்ட ஏற்புக் கிடைத்ததைப் பற்றி மேடையில் அரை மணி நேரம் பேசினார்கள். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, கடவுள் இல்லை. வாசலில் மாப்பிள்ளைக்கு வாங்கிய கார் மட்டும் நின்றது" என்றார்.

அப்படியானால் மதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தீமை நடக்கிறது; மதத்தின்மீது பழி இல்லை; வழக்கத்தின்மீதே பழி. வாதத்தில் நாம் வென்றுவிட்டோம் என்று அன்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி அஸர் தொழுகை வரையிலும் நிற்கவில்லை.

ஏனெனில் வழக்கம் என்பது எங்கிருந்தோ வந்து அமர்ந்த பேய் அன்று. நம் தமிழ் நிலத்தின் பழைய வழக்கம் பெண்ணுக்குக் கொடுப்பதாகவே இருந்தது. 'பரிசம் போடுதல்' என்று இன்றும் சொல்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதே பரிசம். அரபு மார்க்கம் மஹர் கொடுக்கச் சொல்கிறது. தமிழ் மரபு பரிசம் கொடுக்கச் சொல்கிறது. இரண்டு பக்கமும் கொடுக்கச் சொல்லியிருக்க, வாங்குவதற்கு ஒரு வழக்கத்தைக் கண்டு வளர்த்தோம் நாம். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம்கூட மஹரைத் தெளிவாக விலக்கி வைத்துவிட்டு, மற்றதைத்தான் குற்றமாக்கியது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்த வேறுபாடு நமக்குத் தெரியாமல் போகவில்லை.

ஸிஃப்பீன் போரில், 657இல், ஈட்டி முனைகளில் குர்ஆன் ஏடுகளை உயர்த்தினார்கள். அதை நடுவராக்க வேண்டும் என்றார்கள். பின்னர் அதே கூட்டத்தில் சிலர், மனிதரை நடுவராக்கியது குற்றம் என்று வெளியேறினார்கள். அவர்களுக்கு அலி (ரலி) அவர்கள் சொன்னதாக வரலாற்றில் வரும் விடையின் கருத்து இது: குர்ஆன் இரண்டு அட்டைகளுக்கு நடுவே எழுதப்பட்டிருக்கிறது, அது தானாகப் பேசாது, அதைக் கொண்டு பேசுவோர் மனிதர்களே. இந்தச் செய்தியை நாமும் மேடைகளில் சொல்லியிருக்கிறோம், மார்க்கத்தின்மீது பழி இல்லை என்பதற்குச் சான்றாக. அன்று அஸருக்குப் பின் பள்ளிவாசல் தூணில் சாய்ந்திருந்தபோது அதன் மறுபக்கம் தெரிந்தது. பேசுவோர் மனிதரே என்றால், எங்கள் ஊரில் அந்த நாவாக அமர்த்தப்பட்டவர் யார்? சம்பளம் கொடுத்து அமர்த்தப்பட்டவர் யார்? உள்ளறைப் பாயில் அந்தப் பணமுடிச்சின் முன்னால் மார்க்கம் பேச வேண்டிய வேளை வந்தது. வந்தபோது அது ஃபாத்திஹா ஓதியது, எம் குரலில். பெண்ணைப் பெற்ற தகப்பன் அந்தக் குரலைத்தான் கேட்டான். இரண்டு அட்டைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று எடுத்துப் பார்க்க அவனுக்கு அரபி தெரியாது.

ஆகவே, மார்க்கம் வேறு, மார்க்கத்தார் வேறு என்ற விடையை நாம் இப்போது சொல்வதில்லை. அல்லாஹ்விடத்தில் அவை வேறு வேறுதான். அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் மாமாவின் வீட்டு உள்ளறையில் அவை வேறாக இருக்கவில்லை.

நல்லதும் அப்படியே நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் தமிழகத்து முஸ்லிம் ஊர்களில் இளைஞர்கள் கைக்கூலிக்கு எதிராகக் கிளம்பினார்கள். கைக்கூலி வாங்கும் திருமணத்துக்குத் தப்தர் தருவதில்லை என்று சில ஜமாஅத்துகள் முடிவு செய்தன. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பணத்தை மாமனாரிடம் திருப்பிக் கொடுத்தவர்களை நாமே அறிவோம். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் வேறொன்றும் இல்லை. 'அந்நிஸா' அத்தியாயத்தின் அந்த ஒரு வசனம்தான். நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஓதி, தஜ்வீத் பிழையின்றி ஓதி, உறங்க வைத்திருந்த வசனம். அவர்களில் பலருக்கு அரபி இலக்கணம் தெரியாது. முத்தவல்லியின் முகத்தைப் பார்க்கவும் அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களின் முரட்டுப் பேச்சு அன்று எமக்குப் பிடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். அவர்கள் செய்ததை மார்க்கம் செய்த நன்மை என்று இன்று நாம் பெருமை பேசினால், அதற்கு முந்தைய உறக்கத்தையும் அதே ஏட்டில் எழுத வேண்டியிருக்கிறது. நண்பர் கேட்ட பற்று அதுதான்.

இப்போது பல வீடுகளில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்" என்கிறார்கள். அதைச் சொல்லும்போது அடுத்த வீட்டு மருமகளின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்கள். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

சென்ற ஆண்டு எம் மகனுக்கு நிக்காஹ் நடந்தது. ஒன்றும் வாங்கவில்லை. மஹரை மேடையிலேயே கொடுக்கச் செய்தோம். பலரும் வந்து கை கொடுத்துப் பாராட்டினார்கள். அன்றிரவு பந்தல் விளக்குகள் அணைந்தபின் இல்லத்தார் வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "மகனுக்கு வாங்காமல் விட்டது நல்லது. எனக்கு எப்போது கொடுப்பீர்கள்?" என்று கேட்டார். 29 ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டதில்லை. குரலில் கோபம் இருந்திருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

எவ்வளவு என்று கேட்டோம். கேட்டுவிட்டு, வழக்கப்படி, சட்டத்தையும் சொல்லத் தொடங்கினோம். கடன் பணமாக இருந்தால் வாங்கிய எண்ணிக்கையையே திருப்பித் தருவது ஷாஃபி மத்ஹபின் நிலை. பணத்தின் மதிப்பு வீழ்ந்தாலும் எண்ணிக்கை மாறாது. இக்காலத்து அறிஞர் சிலர் வேறு கருத்தும் சொல்லியிருக்கின்றனர் என்று விரித்துக்கொண்டே போனோம். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் சிரித்தார். "உங்கள் கிதாபு எப்போதும் உங்கள் பக்கமே பேசுகிறதே" என்றார்.

நாம் கிதாபை மூடிவிட்டோம்.

"40,000 எனக்குத் தெரியாது. வாப்பா விற்ற பக்கத்தில் 32 தென்னை இருந்தது. அது தெரியும். சின்ன வயதில் எண்ணியிருக்கிறேன்" என்றார். அவர் காக்காமாரிடம் விட்டுக்கொடுத்த 7 பங்கைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அது அவர்களுக்கும் தமக்கும் உள்ள கணக்கு; அதை நாம் தூக்கிச் சுமக்க வேண்டாம் என்றார்.

ஆகவே மரக்கணக்கு என்று ஆயிற்று. மாதந்தோறும் சம்பளம் வந்ததும் ஒரு தொகையை அவர் கையில் கொடுக்கிறோம். மகன் பள்ளிக்கூடத்தில் மிச்சம் வைத்த ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் குறித்துக்கொள்கிறார். அவருடைய பாட்டியாரிடம் சிறுமியாக இருந்தபோது கற்ற அரபுத்தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறார்; எம்மைவிட அழகான எழுத்து. இதுவரை நாலரை மரம் ஆகியிருக்கிறது. முதல் பக்கத்தில் தலைப்புக்காக ஒரு வரி இடம் விட்டிருந்தார். "மேலே என்ன எழுத? மஹர் என்றா, கைக்கூலி என்றா, கடன் என்றா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம். அந்த வரி இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.